முக்கால் மில்லிமீட்டர்

பூட்ஸிலிருந்து பனியைத் தட்டினார் ஆர்வோ கெஸ்கினன்,
காலுக்கு மூன்று தட்டு.
பிறகுதான் பெட்டியைத் திறந்தார்.
"இரண்டாம் தந்தி வீட்டில் இல்லை.
கதவைத் தட்டினால் உள்ளே யாரோ இருமுகிறார்கள்,
அவ்வளவுதான்."

ஈவ்லெத், பிப்ரவரி,
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
பட்டறை ஹீட்டர் தன் பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது.

தந்திகளைத் தளர்த்தி முகப்புத் தகட்டைக் கழற்றினேன்.
ஆறு காந்தக் குச்சிகள், ஏற்ற இறக்கமாய்:
மூன்றாவது கழுத்தை நீட்டிக்கொண்டு,
இரண்டாவது முட்டிபோட்டு,
வகுப்புப் படத்துக்கு நிறுத்திய பிள்ளைகள் மாதிரி.
வேறொரு காலத்துத் தந்திக்கு எடுத்த அளவு அது.
மூன்றாம் தந்தி அப்போது
உடம்பெல்லாம் சுருள் சுற்றிய தூங்குமூஞ்சி;
காந்தம் எட்டிப்போய் எழுப்பவேண்டும்.
இப்போது அது வெறும் எஃகு, கூப்பிடாமலே கத்துகிறது.
ஆள் மாறியாயிற்று,
சட்டை அளவு மாறவில்லை.

குச்சியை அழுத்துவது லேசு.
அதைச் சுற்றித்தான் எட்டாயிரம் சுற்று,
தலைமுடியைவிட மெல்லிய செம்பு,
முதல் சுற்று காந்தத்தின் மேனியிலேயே.
ஒன்று அறுந்தால் எட்டாயிரமும் ஊமை.

வைஸின் தாடைக்கு மேப்பிள் கட்டை.
கால் திருகு.
மீட்டர்: ஐந்து புள்ளி ஒன்பது கிலோ ஓம். உயிர் இருக்கிறது.
இன்னொரு கால் திருகு.
ஐந்து புள்ளி ஒன்பது.
(டிசம்பரில் இதே வைஸில் இன்னொருவருடைய பிக்கப்
முடிவிலி காட்டியது.
முடிவிலிக்கு நான் கொடுத்த விலை
நூற்றுப் பத்து டாலர், கைக்காசு.)

மூன்றைத் தாழ்த்தி, இரண்டை நிமிர்த்தி,
தந்திகளை ஏற்றி ஒவ்வொன்றாய் மீட்டினேன்.
முள் ஆறு முறையும் ஒரே இடத்துக்கு ஏறியது.
வாசித்துப் பார்த்தார்.
"இல்லை."
முள்ளைக் காட்டினேன்.
நிர்வாகம் ஒட்டிய அறிவிப்பைப் படிப்பதுபோல் பார்த்தார்.

இருபத்தொன்பது வருடம் டாக்கோனைட் ஆலை,
பாறை நொறுக்கும் எந்திரத்தின் பக்கத்தில்.
நொறுங்கிய தூளைக் காந்த உருளைகள் வாங்கும்:
இரும்பைப் பிடித்துக்கொண்டு
மிச்சத்தைத் தண்ணீரோடு விட்டுவிடும்.
அந்தத் தண்ணீரோடு இவர் காதிலிருந்தும்
எதுவோ போயிருக்கிறது.

திரும்பி நிற்கச் சொல்லி மீட்டினேன்.
ஆறு, சரி. ஐந்து, சரி. நான்கு, மூன்று, சரி.
இரண்டுக்கு மட்டும்
"சும்மா நகத்தால் தேய்க்கிறாயா?" என்றார்.

கித்தாரில் கோளாறு இல்லை.
காதில் திருகாணி இல்லை.

மறுபடி கழற்றினேன்.
இரண்டாம் குச்சியை மட்டும் மேலே, அரை மில்லிமீட்டர்.
புருவம் சுருங்கியது.
ஒரு மில்லிமீட்டர்:
காந்தம் தந்தியைக் கையைப் பிடித்து இழுக்க,
ஒரு சுரம் இரண்டாகித் தள்ளாடியது.
அந்த எல்லையைத் தொட்டுவிட்டுக் கொஞ்சம் இறங்கினேன்.

முக்காலில்
பன்னிரண்டாம் கட்டையில் விரலை வளைத்தவர்
அங்கேயே நின்றார்,
ஒலி அடங்கி
ஹீட்டரின் முனகல் திரும்ப வரும்வரை.
"எவ்வளவு?" என்றார்.
"முக்கால் மில்லிமீட்டர்."
"காசைக் கேட்டேன்."

என் காதுக்கு
இப்போது அந்தத் தந்தி கூரையில் ஏறி நின்று கூவுகிறது.
வெள்ளிக்கிழமை மீன் விருந்தில்
யாராவது அவரிடம் சொல்லத்தான் போகிறார்கள்.
சொல்லட்டும்.

தகட்டை மூடுமுன்
குழியின் மரத்தில் பென்சிலால் எழுதினேன்,
எனக்குப் பிறகு இதைத் திறக்கப்போகிறவருக்கு:

*இரண்டாவது உயரமாகத்தான் இருக்கும். பிழையல்ல.
சரிசெய்யுமுன் இவரைத் திரும்பி நிற்கச் சொல்லவும்.
— மிலேனா*